மட்சுவாக்கா சாகேல்லை

பத்தொன்பது வருசமா ஒரு மனிசன் ஒரு கொலையை நம்பிக்கொண்டு இருந்தவர். சும்மா நம்பினது இல்லை, அதைப் பற்றிப் புத்தகமே எழுதினவர். கொலை நடந்தது ஜப்பானில, முந்நூற்றுச் சொச்சம் வருசத்துக்கு முதல், ஒரு சாமுராய்க் குடும்பத்துக்குள்ள. அப்பிடி ஒரு கொலை நடக்கவே இல்லை எண்டு கண்டுபிடிச்சது ஆர் தெரியுமோ? என்ர மச்சாள் யோகராணி! மெல்பேர்ண் பக்கத்துக் கிளேட்டனில மத்தியானத்துக்கு இடியப்பம் கட்டிக்கொண்டு டைப் அடிக்கப் போன பெண். இதை நான் சொன்னால் "நாகேஸ்வரி அன்ரி கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா" எண்டு சிரிக்கிற ஆக்களும் இருக்கினம். சிரிக்கட்டும். அந்த அறைக்குள்ள கையில கேத்திலோட நிண்டது நான்தான், அவையள் இல்லை.

முதல்ல ஆர் ஆர் எண்டு சொல்லிப்போடுறன். அரியரத்தினம் என்ர தம்பி, மின்சார எஞ்சினியர். யோகராணி அவன்ர மனிசி. அதுக்கு முதலே எங்கட தாய்மாமன்ர மகள். நான் யாழ்ப்பாணத்தில பதினெட்டு வருசம் பூமிசாஸ்திரம் படிப்பிச்ச ரீச்சர். கலியாணம் கட்டேல்லை, தம்பி கூப்பிட மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தனான். இஞ்ச ஒரு கந்தோரில என்ர சேட்டிபிக்கட்டை நீட்ட, ஒரு பெட்டை அதைத் தலைகீழாப் பிடிச்சுப் பார்த்துப்போட்டுத் திருப்பித் தந்தாள். சரி போ எண்டு போட்டு, கிளேட்டன் கம்பசில, எண்டால் யூனிவர்சிற்றியில, தேத்தண்ணி வண்டில் தள்ளுற வேலைக்குப் போனனான். ஒரு கட்டடம், ஏழு மாடி. காலமை பதினொரு மணிக்கு ஒருக்கா, பின்னேரம் மூண்டு மணிக்கு ஒருக்கா. படிச்ச ஆக்களுக்குப் பால் ஊத்தி ஊத்தியே அவையின்ர குணம் எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு.

யோகராணி பிறந்தது மலாயாவில, சிரம்பானில. மாமா ரெயில்வேக் கிளாக்கர். அவளுக்குப் பதினொரு வயசில ஜப்பான்காரன் வந்து இறங்கினான். இங்கிலீசுப் பள்ளிக்கூடம் ஜப்பான் பள்ளிக்கூடமாப் போச்சு. மற்றப் பிள்ளையள் அழுது அழுது படிச்ச எழுத்தை இவள் ருசிச்சுப் படிச்சவள். ஆனால் அதை வெளியில சொல்ல ஏலுமோ? எங்கட சனத்தில எத்தினை ஆயிரம் பேரைச் சயாம் ரெயில் பாதை போடவெண்டு கொண்டு போய்ச் சாகக் குடுத்தவங்கள். மாமான்ர தம்பியும் போனவர், திரும்பி வரேல்லை. போர் முடிஞ்ச கையோட மாமா அவளின்ர ஜப்பான் கொப்பியளை எல்லாம் வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள போட்டுக் கொளுத்திப்போட்டார். கொப்பியைக் கொளுத்தலாம். தலைக்குள்ள போனதைக் கொளுத்த ஏலுமோ?

பிறகு அவள் டைப்பிங் படிச்சாள். கோலாலம்பூரில ஒரு ஜப்பான் மரக் கொம்பனியில ஒம்பது வருசம் வேலை. வாற கடிதம் போற கடிதம் எல்லாம் அவங்கட பாசை. மாமாவுக்கு மட்டும் "கொம்பனியில டைப் அடிக்கிறன்" எண்டு சொல்லுவாள், அதுக்கு மேல மூச்சு விடமாட்டாள். எழுபத்து மூண்டில மெல்பேர்ணுக்கு வந்த பிறகும் அதே கதைதான். இந்த ஊரிலயும் போரில ஜப்பான்காரனிட்டப் பிடிபட்டு எலும்பும் தோலுமா வந்த ஆக்கள் கனபேர். "ஜப்பான் பாசை தெரியும் எண்டு ஒருத்தருக்கும் வாய் திறவாத" எண்டு தம்பி சொல்லி வைச்சவன். அவளும் திறக்கேல்லை.

எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாசம் அவளுக்கு நான் வேலை செய்யிற அதே கட்டடத்தில, மூண்டாம் மாடியில, டைப்பிஸ்ட் வேலை கிடைச்சது. டொக்டர் பார்லோ எண்டு ஒருத்தருக்கு. ஊசி போடுற டொக்டர் இல்லை, சரித்திர டொக்டர். ஆறடிக்கு மேல உயரம், முழங்கை பிஞ்ச கம்பளிச் சட்டை. தேத்தண்ணிக் கோப்பையை வாங்கேக்க என்ர முகத்தைப் பார்த்துத் தாங்க் யூ சொல்லுற ரெண்டு மூண்டு பேரில அவர் ஒருத்தர். அவர் எழுதினது குரெமுரா எண்ட சாமுராய்க் குடும்பத்தின்ர சரித்திரம். யோகராணி பகல் முழுக்க டைப் அடிச்சுப்போட்டு, பின்னேரம் பஸ்ஸில வரேக்க எனக்கு அந்தக் கதையைச் சொல்லுவாள். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பன்.

அது சின்னக் குடும்பம். கியூஷூ எண்டு ஜப்பானுக்குத் தெற்கால ஒரு தீவு. அதில ஒரு மூலை, ஒரு ஆறு, ஒரு கோட்டை, நாப்பது கிராமம். அவ்வளவுதான் ராச்சியம். முதலாவது ஆள் ஆத்தில தோணி விட்டவன். வெள்ள நாளில ஒரு பெரிய பிரபுவின்ர படையை அக்கரைப்படுத்தி விட, சந்தோசத்தில அந்தப் பிரபு குடுத்த நிலம். பேரன் காலத்தில பெரிய சண்டை ஒண்டு வந்தது. இவை தோற்கிற பக்கத்தில போய் நிண்டுபோட்டினம். அந்தப் பக்கத்து மற்றக் குடும்பங்கள் மானம் போச்சு எண்டு வயித்தைக் கிழிச்சுச் செத்துப் போச்சினம். குரெமுராக்காரர் என்ன செய்தவை? வெண்ட படையின்ர குதிரையளுக்கு ஒரு மாசம் வைக்கல் போட்டு, தண்ணி காட்டி, தங்கட காணியைக் காப்பாத்திப் போட்டினம். "உவங்கள் எங்கட ஊர் ஆக்களடி!" எண்டு நான் சொல்ல, யோகராணி பஸ்ஸுக்குள்ள விழுந்து விழுந்து சிரிச்சவள். அப்பிடித் தப்பின குடும்பம் பிறகு இருநூற்றைம்பது வருசத்துக்கு மேல அந்த நாப்பது கிராமத்தில ஒண்டைக்கூட விட்டுக் குடுக்கேல்லை. வரட்சி வந்த ஒரு வருசம் கோட்டைக் கூரையின்ர ஓடுகளைக் கழட்டி வித்துச் சனத்துக்கு விதைநெல்லு வாங்கிக் குடுத்தவையாம். எனக்கு அவையைப் பிடிச்சுப் போச்சு.

கொலைக் கதை நாலாவது பிரபு காலத்தில. அவருக்குத் தாதமுனே எண்டு பேர். அவருக்கு ஒரே ஒரு மகள். ஆம்பிளைப் பிள்ளை இல்லாதபடியால் தன்ர தங்கச்சியின்ர மகனைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்து வளர்த்தவர். அந்தப் பிள்ளைக்குப் பேர் மட்சுவாக்கா. பேர் அக்கா எண்டு முடிஞ்சாலும் பிள்ளை பொடியன்தான். வரேக்க ஆறு வயசு. குதிரை ஏறினது, சின்னமுத்துக் காய்ச்சல் வந்து எழும்பினது, எல்லாம் அந்தக் குடும்ப ஏட்டில எழுதிக் கிடக்கு. பிறகு ஆயிரத்து அறுநூற்று நாப்பத்து மூண்டாம் ஆண்டு ஒரு நாளில ஒரேயொரு வரி: "இன்று முதல் மட்சுவாக்கா இல்லை." அதுக்குக் கீழ பூச்சி அரிச்ச ஓட்டை. அடுத்த பக்கத்தில நொபுகாகே எண்டு ஒரு ஆள் வந்து நிக்கிறான். எந்த ஊர், ஆற்ற பிள்ளை, ஒரு விபரமும் இல்லை. பிரபுவின்ர மகளைக் கட்டினவன் எண்டு மட்டும் இருக்கு. பிரபுவுக்குப் பிறகு கோட்டையும் அவனுக்குத்தான்.

டொக்டர் பார்லோ என்ன முடிவெடுத்தார் எண்டால், இந்த நொபுகாகே எங்கயோ இருந்து வந்து, தங்கச்சி மகனைக் கொலை செய்துபோட்டு, மகளையும் கட்டி, கோட்டையையும் பிடிச்சிட்டான். ஏழாம் அதிகாரம் முழுக்க இதுதான். அதின்ர சுருக்கத்தை முதலே ஒரு கட்டுரையாவும் வெளியிட்டிட்டார். முப்பத்தொரு பக்கம். அந்த அதிகாரத்தாலதான் புத்தகம் பேசப்படும் எண்டு அவரின்ர கூட்டாளிமார் எல்லாரும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவை. அவர் ஒவ்வொரு தரமும் திருத்தித் திருத்திக் குடுக்க, யோகராணி அதை மூண்டு தரம் முதல்ல இருந்து கடைசி மட்டும் டைப் அடிச்சவள்.

ஒரு விசயம் சொல்ல வேணும். டைப்ரைட்டரில ஜப்பான் எழுத்து இல்லைத்தானே. ஆனபடியா ஜப்பான் சொல்லு வாற இடத்தில எல்லாம் வெற்றிடம் விட்டு அடிப்பாள். டொக்டர் பார்லோ ஏட்டின்ர போட்டோப் பிரதியைப் பார்த்துப் பேனையால அந்த இடங்களை நிரப்புவார். வைகாசி மாசத்தில அவருக்குக் கையில சுளுக்கு. ஒரு கிழமையா வெற்றிடங்கள் அப்பிடியே கிடக்குது. இவளுக்குப் பொறுக்கேல்லை. ஒரு மத்தியானம் தன்ர பேனையை எடுத்து, நாப்பது பக்கத்து வெற்றிடங்களையும் தானே நிரப்பிப்போட்டாள்! போருக்கு முந்தின பழைய எழுத்து, சிரம்பானில படிச்ச அதே எழுத்து. ஏடும் அந்தப் பழைய எழுத்தில பிரதி பண்ணினதுதான்.

பார்லோ வந்து பார்த்திட்டு, "இது ஆர் எழுதினது?" எண்டு கேட்டவராம்.  "நான்தான், மன்னிக்க வேணும்" எண்டாள். அந்த மனிசன் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால இருந்து, எங்க படிச்சனீங்கள், எத்தினை வருசம், எல்லாம் கேட்டார். கேட்டுப்போட்டு, "ஆடி மாசம் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறம். பழைய ஜப்பான் ஏடுகளை வாசிச்சு, மொழிபெயர்த்து, பட்டியல் போடுற வேலை. நிரந்தரம். நீங்கள் விண்ணப்பம் போடுங்கோ" எண்டார். இங்கிலீசிலதான் சொன்னவர், நான் எங்கட பாசையில சொல்லுறன்.

அண்டைக்கு வீட்டுக்கு வந்து அவள் குசினிக்குள்ள நிண்டுகொண்டு சொன்னது எனக்கு இண்டைக்கும் காதுக்குள்ள கேக்குது. "மச்சாள், பத்தொன்பது வயசில இருந்து மற்றவை எழுதினதைத்தான் அடிக்கிறன். எனக்கு இந்த வேலை வேணும். சும்மா ஆசை இல்லை, வேணும்." அவள் எதையும் வேணும் எண்டு கேட்டதை நான் அதுக்கு முதல் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

இந்த நிலைமையிலதான் நேர்முகப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்க, ஞாயிற்றுக்கிழமை, மாமான்ர கடிதம் வந்து பிரிக்காமல் கிடந்ததைத் தம்பி எடுத்து உரத்து வாசிச்சான். "அன்புள்ள மருமகன் அரியரத்தினத்துக்கு" எண்டு தொடங்கினது கடிதம். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த யோகராணி கையை நிப்பாட்டிப் போட்டாள்.

"இஞ்சாருங்கோ, அப்பா உங்களைக் கலியாணத்துக்கு முதல் என்னெண்டு கூப்பிட்டவர்?"

"இதென்ன கேள்வி? மருமகன் எண்டுதான். தங்கச்சியின்ர மகனை வேற என்னெண்டு கூப்பிடுறது?"

"கலியாணத்துக்குப் பிறகு?"

"மகளைக் கட்டினவனும் மருமகன்தானே. உனக்கு என்ன விசரே?"

அவள் கத்தியைப் போட்டுப்போட்டு அறைக்குள்ள ஓடினாள். பார்லோ வீட்டில வாசிக்கத் தந்த போட்டோப் பிரதிக் கட்டோட வந்து மேசையில விரிச்சாள். "மட்சுவாக்கா சாகேல்லை!" எண்டு கத்தினாள். "தங்கச்சி மகன்தான் மகளைக் கட்டியிருக்கிறான். அவங்கட பாசையில தங்கச்சி மகனுக்கு ஒரு சொல்லு, மகளைக் கட்டினவனுக்கு வேற சொல்லு. அதைக் கண்டுதான் டொக்டர் பார்லோ ரெண்டு ஆள் எண்டு நினைச்சிட்டார். எங்கட பாசையில ரெண்டுக்கும் ஒரே சொல்லு. ஒரே ஆள் மச்சாள், ஒரே ஆள்!"

"அப்ப பேர்?" எண்டு நான் கேட்டனான். நான் ரீச்சர், லேசில விடமாட்டன்.

"மட்சுவாக்கா சின்னப்பிள்ளைப் பேர். வயசுக்கு வந்தால் அந்தப் பேரைக் கழட்டிப்போட்டுப் பெரிய ஆளின்ர பேர் வைக்கிறது அவங்கட வழக்கம். பார்லோவுக்கும் அது தெரியும். ஆனால் புதுப்பேர் எழுதின இடத்தைப் பூச்சி திண்டிட்டுது. 'இல்லை' எண்ட சொல்லை மட்டும் கண்டவுடன ஆளே செத்துப் போச்சு எண்டு எடுத்திட்டார். இஞ்ச பாருங்கோ, ஓட்டைக்குக் கீழ. 'மட்சுவாக்காவின் தாய் கோயிலுக்குச் சிவப்புச் சோறு அனுப்பினாள்.' இதை அவர் சோற்றுப் படையல் எண்டு எழுதி செத்த வீட்டு அந்தியேட்டிச் சடங்கு ஆக்கிப்போட்டார். சிவப்புச் சோறு எண்டால் சிவப்புப் பயறு போட்டு அவிக்கிறது. எங்கட கொம்பனி மனேஜருக்குப் பிள்ளை பிறந்தாலும் அதுதான், அவரின்ர மகன் சோதினை பாஸ் பண்ணினாலும் அதுதான். நல்ல காரியத்துக்கு மட்டும்தான் தருவினம்."

"செத்த வீட்டில ஆரடி பொங்கல் பொங்கிறது!" எண்டு நான் மேசையில அடிச்சன்.

தம்பி மட்டும் சிரிக்கேல்லை. "வேலியில போற ஓணானை ஏன் பிடிச்சு மடியில கட்டுறாய்?" எண்டான். "வியாழக்கிழமை உன்னைக் கேள்வி கேக்கப் போறது ஆர்? அதே பார்லோ. பத்தொன்பது வருசம் பாடுபட்ட மனிசனிட்டப் போய், நீ எழுதினது பிழை எண்டு ஒரு டைப்பிஸ்ட் சொன்னால் வேலை தருவாரோ? முதல்ல வேலையை எடு. பிறகு ஆறுதலாச் சொல்லு." பொய் சொல்லக் கூடாது, நானும் தம்பியின்ர பக்கம்தான் நிண்டனான். யோகராணி கட்டை மடிச்சு வைச்சாள். "சரி, பிறகே சொல்லுறன்" எண்டாள்.

வியாழக்கிழமை நல்ல மழை, குளிர். நீலச் சேலைக்கு மேல கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். நேர்முகம் அஞ்சாம் மாடியில. பதினொரு மணிக்கு நான் வழக்கமா முதலாம் மாடியில தொடங்கிறது. அண்டைக்கு நேர அஞ்சாம் மாடிக்கு வண்டிலைத் தள்ளினன். ஆர் கேக்கிறது! கதவைத் தட்டிப்போட்டு உள்ள போனன். மேசைக்கு அந்தப் பக்கம் மூண்டு பேர். நடுவில பார்லோ. ஒரு பக்கத்தில நூலகத்துக்குப் பொறுப்பான வெள்ளைத்தலை அம்மா. மற்றப் பக்கத்தில நிருவாகத்தில இருந்து வந்த ஒரு மெல்லிசான மனிசன். இஞ்சால யோகராணி. அவளுக்கு முதல் சிட்னியில இருந்து வந்த பட்டதாரி ஒருத்தியைக் கேள்வி கேட்டு அனுப்பிப்போட்டினம்.

நான் கோப்பையளை ஒவ்வொண்டா, மெதுவா, துடைச்சுத் துடைச்சு எடுத்து வைச்சன். அப்பதான் பார்லோ ஒரு தாளை எடுத்து யோகராணிக்கு முன்னால வைச்சார். "எல்லாருக்கும் ஒரே பரீட்சைதான். இந்தப் பக்கத்தை வாசிச்சு மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலயே எனக்கு விளங்கிப் போச்சு. அந்தப் பூச்சி அரிச்ச பக்கம்தான்! தன்ர பெருமையான பக்கத்தையே மனிசன் பரீட்சைக்கு வைச்சிருக்கிறார். அதுக்கு அவர் எழுதின இங்கிலீசு அவளுக்குத் தலைகீழாப் பாடம், மூண்டு தரம் அடிச்சவள். அதை அப்பிடியே ஒப்பிச்சால் வேலை அவளுக்குத்தான். "நல்லூர்க் கந்தா, அவளை அவர் எழுதினதையே சொல்ல வை" எண்டு நான் சீனிப் பேணியைப் பிடிச்சுக்கொண்டு நேந்தன்.

முதல்ல ஜப்பான் பாசையில வாசிச்சாள். அவள் அந்தப் பாசை வாசிச்சு நான் அண்டைக்குத்தான் கேட்டது. எங்கட வீட்டில சத்தம் வைக்காமல் திரியிற பிள்ளையோ இது எண்டு இருந்தது. ஒரு இடத்திலயும் தடக்கேல்லை. பிறகு இங்கிலீசில சொல்லத் தொடங்கினாள். மழை, அறுவடை, கோட்டைக் கதவு திருத்தினது. அந்த வரி வந்தது. நிண்டுபோனாள். மூண்டு பேரும் அவளைப் பார்க்கினம். நான் சாமி கும்பிடுறன்.

"இன்று முதல் மட்சுவாக்கா என்ற பெயர் இல்லை" எண்டாள்.

பார்லோ சிரிச்சார். "பேர் எண்டு அதில இல்லையே."

"இல்லை. ஆள் எண்டும் அதில இல்லை" எண்டாள் யோகராணி.

போச்சுதடா எண்டு நினைச்சன். ஆனால் அவள் நிப்பாட்டேல்லை. சிவப்புச் சோறைச் சொன்னாள், பேர் மாத்திற வழக்கத்தைச் சொன்னாள், தங்கச்சி மகனும் மகளைக் கட்டினவனும் ஒரே ஆள் எண்டாள். எங்கட சனத்தில அதுக்கு ஒரே சொல்லு இருக்கு, என்ர புருசனே அப்பிடித்தான் எண்டாள்.  ஒரு சொல்லையும் விழுங்கேல்லை. பார்லோவின்ர காது ரெண்டும் சிவந்து போச்சு.

அந்த நிருவாகத்து மனிசன் கையைக் குறுக்கால நீட்டினான். "மன்னிக்க வேணும், இவ டைப் அடிக்கிறவ. பத்தொன்பது வருச ஆராய்ச்சியோட ஒரு டைப்பிஸ்டின்ர சோத்துக் கதையை வைச்சுப் பார்க்கிறதோ?" எண்டான். சுடுதண்ணிக் கேத்தில் என்ர கையிலதான் இருந்தது. அவன்ர மடியில ஊத்தாமல் விட்டது என்ர பெற்றோர் செய்த புண்ணியம், அவன் செய்த புண்ணியம் இல்லை.

பார்லோ அவனைப் பார்க்கவே இல்லை. "இது ஊகம்" எண்டார். "நல்ல ஊகம். ஆனால் ஊகத்தை வைச்சுச் சரித்திரம் எழுத ஏலாது, மிஸிஸ் அரியரத்தினம்."

"நாப்பதாம் பக்கம்" எண்டாள் யோகராணி.

"என்ன?"

"உங்கட புத்தகம், நாப்பதாம் பக்கம். மட்சுவாக்கா ஆயிரத்து அறுநூற்று முப்பத்தோராம் ஆண்டு கோட்டைக்கு வரேக்க ஆறு வயசு. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். நொபுகாகே ஆயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டில சாகேக்க அறுபத்து மூண்டு வயசு, கோயில் கல்வெட்டில இருக்கு. அவங்கட முறைப்படி பிறந்த வருசமும் ஒரு வயசு. எண்ணிப் பாருங்கோ. ரெண்டு பேரும் ஒரே வருசம் பிறந்தவை, புலி வருசம். ரெண்டு பக்கத்தையும் நான்தான் அடிச்சனான்."

 பார்லோ தன்ர பைக்குள்ள கையை விட்டுப் புத்தகக் கட்டை வெளியில எடுத்தார். நாப்பதாம் பக்கத்தை எடுத்து மேசையில வைச்சார். இருநூற்றுப் பன்னிரண்டை எடுத்துப் பக்கத்தில வைச்சார். நான் வைச்ச பிஸ்கட் கடதாசியில பென்சிலால கூட்டினார், கழிச்சார். திருப்பியும் கூட்டினார். மூண்டாம் தரமும் கூட்டினார். ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டு சொல்லுவினம். ஆனால் ஆனை சறுக்கிறதைப் பக்கத்தில நிண்டு பார்க்கப் பாவமாத்தான் இருந்தது. என்ன செய்யிறது எண்டு தெரியாமல், "சீனி போடட்டோ?" எண்டு கேட்டன்.

"ரெண்டு கரண்டி" எண்டார். அந்த மனிசன் சீனி போடாமல் குடிக்கிறவர்.

பிறகு கண்ணாடியைக் கழட்டிப்போட்டு முகத்தை ரெண்டு கையாலயும் துடைச்சார். அழப் போறார் எண்டு நினைச்சன். இல்லை, சிரிக்கிறார்! தோளெல்லாம் குலுங்கச் சிரிக்கிறார். "கடவுளே, ரெண்டும் ஒரே பொடியன்! அவனை நான் பத்தொன்பது வருசமாக் கொலை செய்துகொண்டு இருக்கிறன்" எண்டார். நிருவாகத்து மனிசனைப் பார்த்து, "நான் இந்தப் பக்கத்தைப் பத்தொன்பது வருசம் வாசிச்சனான். இவ மூண்டு தரம் டைப் அடிச்சவ. ஆர் வடிவா வாசிச்சது எண்டு இப்ப சொல்லுங்கோ" எண்டு கேட்டார். அவன் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள பார்த்துக்கொண்டு இருந்தான்.

அதுவரைக்கும் வாய் திறக்காத நூலகத்து அம்மா அப்பதான் கதைச்சா. "சிட்னியில இருந்து வந்த பிள்ளை டொக்டர் பார்லோவின்ர கட்டுரையில இருந்ததை ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னா. எனக்குக் கட்டுரையை வாசிக்கிற ஆள் தேவையில்லை, ஏட்டை வாசிக்கிற ஆள் வேணும். எனக்கு ஆள் கிடைச்சாச்சு. டொக்டர் பார்லோ?"

"இவவை விட்டால் வேற ஆர்?" எண்டார் பார்லோ. நிருவாகத்து மனிசனும் தலையை ஆட்டினான், ஆட்டாமல் என்ன செய்யிறது! யோகராணி அப்பிடியே கதிரையில இருக்கிறாள், அழவும் இல்லை சிரிக்கவும் இல்லை. எனக்குத்தான் அடக்க ஏலேல்லை. "என்ர மச்சாள்!" எண்டு தமிழில கத்திப்போட்டன். அந்த அறையில அது ஒருத்தருக்கும் விளங்கேல்லை, ஆனால் எல்லாருக்கும் விளங்கினது.

பார்லோ எழும்பி நிண்டு, கட்டுக்குள்ள இருந்து ஏழாம் அதிகாரத்தை உருவி எடுத்தார். முப்பத்தொரு பக்கம். என்ர வண்டிலில தேயிலைச் சக்கை போடுற வாளிக்குள்ள அதைத் தூக்கிப் போட்டார். ஈரச் சக்கைக்குள்ள தாள் சொத சொத எண்டு தாழுது.

"ஐயோ, மூண்டு தரம் அடிச்சது!" எண்டாள் யோகராணி. பிறகு பழக்க தோசத்தில கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு, "புது ஏழாம் அதிகாரத்தை எப்ப தருவீங்கள்? எண்டைக்கு டைப் அடிச்சு முடிக்க வேணும்?" எண்டு கேட்டாள்.

"நான் தரமாட்டன்" எண்டார் பார்லோ. "ஏழாம் அதிகாரத்தை நீங்கள் எழுதுறீங்கள், உங்கட பேரில. டைப் நான் அடிக்கிறன்."

அடிச்சவர். அந்த மனிசனுக்கு ரெண்டு விரல்தான் ஓடும். அவள் புதுசா எழுதின முப்பத்தெட்டுப் பக்கத்தையும் ரெண்டு விரலால அடிச்சவர். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் யோகராணி அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பினவள்.